கொக்குக்கு எத்தனை சொட்டு?

கேள்வி: உணவுச் சங்கிலியில் ஆற்றல் குறைந்துகொண்டே போகும் என்பதை ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: பக்கத்துக் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தம்ளர், ஒரு மருந்து மூடி போதும். வெயிலை வாங்கிப் பாசி சேர்த்த ஆற்றல்தான் அந்த ஒரு லிட்டர். அதில் 100 மில்லியைத் தம்ளரில் ஊற்றட்டும். பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிக்கு அவ்வளவுதான். அதிலிருந்து மூடியில் 10 மில்லி, சிறுமீனுக்கு. கொக்குக்கு மிஞ்சுவது 1 மில்லி. உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணச் சொல்லுங்கள்; ஏறத்தாழ இருபதுதான் வரும்.

"மீதி எங்கேம்மா?" என்று அவளே கேட்பாள். நீந்தவும் மூச்சுவிடவும் செலவாகி வெப்பமாகப் போனது பெரும்பங்கு. கழிவிலும் செத்த உடலிலும் இருப்பது நுண்ணுயிர்களுக்கு. சத்துகள் மண்ணுக்குத் திரும்பும், ஆற்றல் திரும்பாது. அதனால்தான் சூரியன் தினமும் தேவை.

பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. அமெரிக்க ஏரி ஒன்றை ஆராய்ந்த ரேமண்ட் லிண்ட்மன் 1942-ல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்டது.

விடுமுறையில் சுசீந்திரம் தேரூர் குளத்தையும் காட்டுங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த நீர்நிலை அது. ஒரு கொக்கு வாழ எவ்வளவு பெரிய குளம் வேண்டும் என்பது அங்கே அவளுக்கு விளங்கும்.