முதலில் பத்து விநாடி பதியுங்கள்

கணினியில் வானொலி அலைகளைப் பெற உதவும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் கருவியைச் செருகி, குனூ ரேடியோ மென்பொருளில் எழுதிய செயலி பேசவில்லையென்றால் பலரும் உடனே நிரலைக் கிளறத் தொடங்குகிறார்கள். அன்ரனா, கருவி, நிரல் என மூன்று இடங்களில் பிழை இருக்கலாம். மூன்றையும் சேர்த்துத் தேடினால் விடியாது. உள்ளூரில் பலமாகக் கேட்கும் எப்.எம். நிலையமொன்றை வேறொரு நம்பகமான மென்பொருளில் கேளுங்கள். கேட்டால் அதன் மூலச் சமிக்ஞையையே (ஒலியை அல்ல) பத்து விநாடி கோப்பாகப் பதிந்து, அந்தக் கோப்பை வைத்து நிரலைத் திருத்துங்கள். கேட்காவிட்டால் நிரலைத் தொடவே வேண்டாம். லினக்ஸின் தொலைக்காட்சி டிரைவர் கருவியை முந்திப் பிடித்திருக்கலாம் (டிவி பார்க்கச் செய்த சாமான்தானே). கெயினை (சமிக்ஞைப் பெருக்கத்தை) கூட்டினால் நன்றாகக் கேட்கும் என்பது பாதி உண்மை; பலமான நிலையம் பக்கத்திலிருந்தால் கருவி திணறி, இல்லாத இடத்திலும் அதையே காட்டும். குறைத்துப் பாருங்கள். வாவி சூழ்ந்த புளியந்தீவு போன்ற ஈரமான இடங்களில் அன்ரனா இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

கோப்பு வட்டை நிரப்பிவிடும் என்பார்கள். விநாடிக்கு 24 இலட்சம் மாதிரிகள், ஒன்றுக்கு 2 பைட். பத்து விநாடிக்கு 48 மெகாபைட்தான். கணினி பின்தங்கி மாதிரிகள் தவறுவது நேரலையில்தான் தெரியும் என்ற ஆட்சேபம் கனமானது. ஆனால் கோப்பில் சரியாக ஓடிய நிரல் நேரலையில் தடுமாறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வேகத்தையே. மாதிரி வீதத்தைக் குறையுங்கள். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சமிக்ஞையை, எப்.எம். சரியாகக் கேட்ட பிறகு தேடலாம். அது 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸில் வரும்; கால் அலை அன்ரனாவுக்குச் சுமார் 46 சென்ரிமீற்றர் கம்பி போதும்.