பல்லவர் ஊரை விளையாட்டில் எழுப்ப ஆறு படிகள்

வியூக விளையாட்டுக்காகப் பண்டைய ஜெர்மானியர் ஊரை வடிவமைப்பவருக்குத் தரைதான் சான்று. வட ஜெர்மனியின் ஃபெடர்சன் வியர்டேயில், மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நீண்ட வீடுகளின் அடித்தளத் தடங்கள் கிடைத்தன. கூரையை ஊகித்துத்தான் வரைய வேண்டும். நமக்கு நிலைமை தலைகீழ். பல்லவர் காலக் குடிசைகள் மட்கிவிட்டன. கூரை வடிவங்களோ மாமல்லபுரத்தில் கல்லாக நிற்கின்றன. ஆகவே கூரையிலிருந்தே தொடங்குங்கள்.

1. படமெடுங்கள். ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக மாமல்லபுரம் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம். அங்குள்ள ஐந்து ரதங்களின் முகப்புகள் பெரும்பாலும் மேற்கு பார்த்தவை. பிற்பகல் வெயிலே உகந்தது. நான்கு பக்கமும் எடுங்கள்.

2. கூரைக்கு ஒரு கட்டடம் ஒதுக்குங்கள். திரௌபதி ரதத்தின் ஓலைக் குடிசை வடிவம் வீட்டுக்கு. வண்டிக்கூண்டு போல வளைந்த பீம ரதக் கூரை களஞ்சியத்துக்கு. பின்புறம் அரைவட்டமான சகதேவ ரதம் கோயிலுக்கு. அடுக்கடுக்காக உயரும் தர்மராஜ ரதம் அரண்மனைக்கு. கோயில் நீங்கலாக இந்தப் பயன்பாடுகள் உங்கள் தேர்வு. வடிவம் மட்டுமே சான்று.

3. கல்லை மரமாக்குங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதுவரை கோயில் கட்டப் பயன்பட்டவை அவைதாம். ஆகவே வீட்டுக்குக் கருங்கல் நிறம் பூசாதீர்கள். மண்சுவர், மரத்தூண், ஓலைக்கூரை போதும். ரதங்களின் லாட வடிவக் கூடுகளை வளைந்த மரச்சட்டங்களின் முகப்பாக வரையுங்கள்.

4. தரையைத் தேடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலில், பல்லவர் கட்டுமானத்துக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. செங்கல் அடித்தளத்தை அங்கே பார்த்து வரையுங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவின் வீடுகள் மிகப் பிந்தையவை. தூணும் உத்தரமும் பொருந்தும் விதத்தை மட்டும் அங்கே கற்றுக்கொள்ளுங்கள்.

5. காலம் பிரியுங்கள். முதல் நிலைக்கு மகேந்திரவர்மனின் குடைவரை. அடுத்து மாமல்லனின் ரதம். கடைசியாக, 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் கல் அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில். விளையாட்டின் மூன்று மேம்பாட்டு நிலைகள் இப்படியே அமைந்துவிடும். வானளாவிய ராஜகோபுரம் வேண்டாம், அது பிற்காலத்தது. மங்களூர் ஓடும் அப்படியே. அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

6. தூரத்திலிருந்து சோதியுங்கள். ஆட்டக்காரர் மேலிருந்து சிறியதாகத்தான் பார்ப்பார். நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு உருவமாக்குங்கள். வீடும் களஞ்சியமும் அப்போதும் வேறாகத் தெரிந்தால் வடிவம் சரி. தெரியாவிட்டால் சிற்பங்களைக் குறைத்துக் கூரையைப் பெரிதாக்குங்கள்; வாசல் மட்டும் ஆள் நுழையும் அளவில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கட்டடத்தின் கோப்பிலும் மூன்று வரி எழுதிவையுங்கள்: எது கல்லில் கண்டது, எது அகழாய்வில் கிடைத்தது, எது நம் ஊகம். நாளை புதிய அகழாய்வு ஒன்று ஊகத்தைப் பொய்யாக்கினால், எதை மாற்ற வேண்டும் என்பது அடுத்து வருபவருக்குத் தெரியும்.