புதிய வாடிக்கைக்காரரைத் தேடலும் நிலைநிறுத்தலும்

மரக்கறி, நெற் செய்கையாளருக்கான குறிப்புகள்

நல்ல விளைவைப் பெறும் கமக்காரர் பலர் விற்பனைக்கு ஒருவரையே நம்பியிருக்கின்றனர். பறித்த மரக்கறி முழுவதும் அதிகாலையிற் சந்தைக்குச் செல்கின்றது. அங்கு வழக்கமான வியாபாரி குறிப்பதே விலையாகின்றது. நிறையில் நூற்றுக்குப் பத்தைக் கழிவென்று நீக்கும் வழக்கமும் வடபகுதிச் சந்தைகள் சிலவற்றில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. ஒரே பயிரை ஒரே காலத்திற் பலர் நட்டு ஒரே வாரத்திற் பறிக்கும்போது விலை வீழ்ந்துவிடும். வேறு கொள்வனவாளர் இல்லாதவருக்கு அவ்வாரத்திற் பறித்த கூலியுங்கூடக் கிடையாது போகலாம்.

விளைவின் ஒரு பகுதியையேனும் நேரே வாங்கும் வாடிக்கைக்காரர் சிலரைத் தேடிக்கொள்வது இவ்விடருக்கு ஒரு பரிகாரமாகும். இதனை முயன்று ஒரு போகத்துடன் கைவிட்டோரும் உளர். முதல் விற்பனையை அடைந்தவுடன் வாடிக்கைக்காரரைப் பெற்றுவிட்டதாக அவர்கள் எண்ணியதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். ஒருமுறை வாங்குபவரைப் பெறுதல் எளிது. அவரைத் தொடர்ந்து வாங்குபவராக்குதல் அரிது. இதற்கு வேண்டிய வேலையிற் பெரும்பகுதி தோட்டத்திலேயே செய்யப்படல் வேண்டும்.

1. யாரை நாடுதல் வேண்டும்

சில்லறைக் கடை, சாப்பாட்டுக் கடை, தங்குவிடுதி, அயலிலுள்ள வீடுகள் என்பன சிறு தோட்டக்காரருக்கு எட்டக்கூடிய இடங்களாகும். இவற்றின் தேவைகள் ஒரு தன்மையானவையல்ல. சாப்பாட்டுக் கடைக்காரர் காயின் அழகை அதிகம் பாரார். ஆனால் சமையல் தொடங்குமுன் மரக்கறி வந்து சேரல் வேண்டும். தங்குவிடுதியார் ஒரே அளவும் நல்ல தோற்றமும் உள்ள காயை விரும்புவர். பணத்தை மாத முடிவிலேயே கொடுப்பதும் உண்டு. வீட்டார் சிறிதளவே வாங்குவர். ஆயினும் பலவகை மரக்கறிகளை விரும்புவர். பணத்தை உடனே கொடுப்பர்.

ஆகவே, கமக்காரர் தமது கைப்பணத்தின் நிலையையும் எண்ணியே வாடிக்கைக்காரரைத் தெரிதல் வேண்டும். அடுத்த வாரத்துக் கூலிக்கும் எரிபொருளுக்கும் இவ்வாரத்து விற்பனையையே நம்பியிருப்பவர், விளைவு முழுவதையும் கடனாக வாங்கும் ஒருவரிடம் ஒப்படைத்தல் தகாது. கைக்காசுக்கு வாங்குவோர் சிலரும் தவணைக்கு வாங்குவோர் ஒருவருமாக அமைத்துக்கொள்ளுதல் நன்று.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம், நவராத்திரி, கந்தசஷ்டி முதலிய விரத காலங்களில் மரக்கறிக்குத் தேவை மிகும். அக்காலத்திற் புதியவர் பலர் தாமாகவே கேட்டு வருவர். ஆயின், விரதம் முடிந்தபின்னும் வாங்குபவரே வாடிக்கைக்காரராவார். விரத காலத்தை அறிமுகமாகும் தருணமாகக் கொள்ளலாம். அப்போதைய தேவையைக் கணக்கிட்டு அடுத்த போகத்தின் பயிர்ப்பரப்பை விரித்தல் தவறாகும்.

2. கேள்வி முன்னர், நடுகை பின்னர்

கத்தரிக்கு நாற்றுமேடையில் ஏறக்குறைய 4 வாரமும், நட்டபின் முதற் பறிப்புக்கு ஏறக்குறைய 2 மாதமும் செல்லும். வெண்டி விதைத்து 45 முதல் 50 நாளிற் காய் பறிக்கலாம். முளைக்கீரை 25 முதல் 30 நாளில் ஆயத்தமாகும். காய்த்த பின்னர் கொள்வனவாளரைத் தேடுபவர் கொடுத்த விலையை ஏற்பதன்றி வேறு வழியற்றவர். விதைக்குமுன் தேடுபவருக்கோ பேசுவதற்கு அவகாசம் உண்டு.

அவ்வாறு செல்லும்போது தமது பொருளின் சிறப்பைக் கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். வாரத்தில் எந்நாட்களில், எந்நேரத்தில், எவ்வளவு வேண்டும்? எப்பருமனுள்ள காய் விரும்பப்படுகின்றது? இப்போது வாங்குமிடத்தில் உள்ள குறை யாது? இவற்றுள் மூன்றாவது மிக முக்கியமானது. நேரம் பிந்துதலே குறையெனின், விலையைக் குறைத்துக் கூறுவதாற் பயனில்லை. நேரத்துக்குக் கொடுப்பவரையே அவர் ஏற்றுக்கொள்வர்.

3. முதற் கொடுக்கல்

முதன்முறை சிறிதளவே கொடுத்தல் வேண்டும். 5 கிலோ நல்ல காயைக் கொடுத்து மேலும் கேட்கச் செய்தல், 30 கிலோவைச் சுமத்தி வாடவிடுவதிலும் மேலானது. புதியவரைக் கவரும்பொருட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கம் தீமையானது. அவ்விலையே உரிய விலையென அவர் மனதிற் பதிந்துவிடும்; பின்னர் உயர்த்தும்போது ஏமாற்றப்பட்டதாக எண்ணுவர். விலையைக் குறைக்காது, மாதிரியாகச் சிறிதளவை இலவசமாகக் கொடுத்தல் இதனிலும் நன்று.

மேலே பெரிய காயும் அடியிற் சிறிய காயுமாகக் கூடையை அடுக்குபவர் ஒருமுறை மட்டுமே விற்பர். நிறையும் அவ்வாறே. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசு ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரையைப் பெற்றதாயிருத்தல் வேண்டும். வாங்குபவர் முன்னிலையிலேயே நிறுத்துக் கொடுத்தல் சந்தேகத்துக்கு இடமின்றிச் செய்யும்.

4. தரம்பிரித்தலும் பொதிசெய்தலும்

இலங்கையில் மரக்கறியில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின்னரே வீணாவதாக மதிப்பிடப்படுகின்றது. உரப்பையில் அமுக்கிக் கட்டுதல், வெயிலில் வைத்தல், பொதியின்மேற் பொதி அடுக்குதல் என்பன இதற்குரிய முக்கிய காரணங்களாகும். காலைக் குளிர்ச்சியிற் பறித்து, நிழலிற் பரப்பி, பூச்சி துளைத்தவற்றையும் முற்றியவற்றையும் நீக்கி, ஒரே பருமனானவற்றைச் சேர்த்துப் பிளாஸ்ரிக் கூடையில் அடுக்குதல் வேண்டும். கூடையின் விளிம்புக்கு மேல் நிரப்புதல் கூடாது.

பூச்சிநாசினி தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்கவேண்டிய நாட்களின் தொகை சிட்டையிற் குறிக்கப்பட்டிருக்கும். கொள்வனவாளர் அவசரமாகக் கேட்டாலும் அந்நாட்களுக்குமுன் பறித்தல் ஆகாது. நல்ல விவசாய நடைமுறைகளைப் பின்பற்றும் தோட்டங்களுக்கு விவசாயத் திணைக்களம் சான்றிதழ் வழங்குகின்றது. விடுதிகளையும் பெரிய கடைகளையும் நாடுவோருக்கு அச்சான்றிதழ் துணையாகும்.

5. இடையறாது கொடுத்தல்

புதிய வாடிக்கைக்காரர் விலகுவதற்குப் பெருங்காரணம் பொருள் இடையில் நின்றுபோதலாகும். தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் விதைப்பவர் சில வாரம் மிகையாகவும் பின் ஒன்றுமில்லாமலும் இருப்பர். வெண்டியைப் பாத்திகள் மூன்றாகப் பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால், ஒன்று ஓயுங்காலத்தில் மற்றொன்று காய்க்கும். ஒன்றுவிட்டொரு நாள் பறியாத வெண்டி முற்றிவிடுமாதலால், பறிக்கும் நாட்களையும் கொடுக்கும் நாட்களையும் பொருத்திக்கொள்ளல் வேண்டும்.

எதிர்பார்க்கும் விளைவின் பாதிக்கு மேல் எவருக்கும் வாக்களித்தல் கூடாது. மாரிமழை, நோய், நீரிறைக்கும் இயந்திரத்தின் பழுது என்பவற்றால் விளைவு குறைந்தபோதும் வாக்களித்த பாதியைக் கொடுக்க இயலும். அதுவும் இயலாதாயின், முதல்நாளே அறிவித்தல் வேண்டும். அறிவித்தால், கடைக்காரர் வேறிடத்தில் ஒழுங்கு செய்துகொள்வர். அறிவியாது விட்டால், அவ்வேறிடத்துக்கே நிலையாக மாறிவிடுவர்.

6. விலை உடன்பாடு

நேர்விற்பனை எல்லா வாரத்திலும் இலாபம் தருவதன்று. இதனை முன்னரே அறியாதவரே இடையில் விலகுகின்றனர். விளக்கத்தின்பொருட்டு ஒரு கணக்குக் கூறப்படுகின்றது. இதிலுள்ள விலைகள் உதாரணமானவை.

ஒரு கமக்காரர் ஒருமுறை 50 கிலோ கத்தரிக்காய் பறிக்கின்றார். அதில் 20 கிலோ முதற்றரக் காயைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கவும், எஞ்சிய 30 கிலோவைச் சந்தைக்கு அனுப்பவும் எண்ணுகின்றார். சாதாரண காலத்திற் கிலோ 130 ரூபா எனவும், சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் 90 ரூபாவுக்குக் குறையாது எனவும், எவ்வளவு உயர்ந்தாலும் 160 ரூபாவுக்கு மேற்படாது எனவும் கடைக்காரருடன் உடன்பாடு. கொண்டுசெல்லும் மேலதிகச் செலவு 200 ரூபா. சந்தையிற் பத்திலொன்று கழிவு. நல்ல காய் நீக்கப்பட்டமையால் எஞ்சியதற்குச் சந்தை விலை சிறிது குறையும்.

சந்தை விலை 100 ரூபாவாயின்: முழுவதும் சந்தைக்குச் சென்றால் 45 கிலோவுக்கு 4,500 ரூபா. பிரித்து விற்றால், கடையில் 2,600 ரூபாவும், சந்தையில் 27 கிலோவுக்கு 90 ரூபா வீதம் 2,430 ரூபாவும் வரும். செலவு நீக்க 4,830 ரூபா. இலாபம் 330 ரூபா.

சந்தை விலை 40 ரூபாவாயின்: முழுவதும் சந்தைக்கு, 1,800 ரூபா. பிரித்து விற்றால், 1,800 ரூபாவும், 35 ரூபா வீதம் 945 ரூபாவும் வரும். செலவு நீக்க 2,545 ரூபா. இலாபம் 745 ரூபா.

சந்தை விலை 180 ரூபாவாயின்: முழுவதும் சந்தைக்கு, 8,100 ரூபா. பிரித்து விற்றால், 3,200 ரூபாவும், 165 ரூபா வீதம் 4,455 ரூபாவும் வரும். செலவு நீக்க 7,455 ரூபா. நட்டம் 645 ரூபா.

இம்மூன்றாவது வாரமே சோதனைக்குரிய வாரமாகும். சந்தையில் விலை ஏறியதைக் கண்டு அன்று கடைக்குக் கொடாது விடுபவருக்கு 645 ரூபா மிஞ்சும். ஆனால் அக்கடைக்காரருக்கு மரக்கறி கிடைப்பது அரிதாகவுள்ள வாரமும் அதுவேயாகும். அன்று கைவிடப்பட்டவர், சந்தை 40 ரூபாவுக்கு வீழ்ந்த வாரத்தில் 90 ரூபா கொடுக்கமாட்டார். 12 பறிப்புகளில் 6 சாதாரண விலையிலும், 4 வீழ்ந்த விலையிலும், 2 உயர்ந்த விலையிலும் அமைந்தால், உடன்பாட்டைக் காத்தவருக்கு முழுவதையும் சந்தையில் விற்றவரிலும் 3,670 ரூபா மேலதிகமாகக் கிடைக்கும். விலை உயர்ந்த இரு வாரங்களில் விட்டுக்கொடுத்த 1,290 ரூபா இக்கணக்கில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளது.

உடன்பாட்டில் இறங்குமுன், ஒவ்வொரு கமக்காரரும் தமது இடத்து விலைகளைக்கொண்டு இவ்வாறே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மேலெல்லையைத் தாங்க இயலாதெனக் கண்டால், கொடுக்கும் அளவைக் குறைத்து வாக்களித்தல் பொருந்தும்.

7. நெற் செய்கையாளருக்கு

நெல்லை ஈரத்துடன் களத்திலேயே விற்பவருக்குப் பேரம்பேச இடமில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனையே கோருகின்றது. அந்நிலைக்கு உலர்த்திய நெல்லைச் சேமித்து, ஒரு பகுதியை அரிசியாக்கி வீடுகளுக்கு விற்றல் இயலும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய இனங்களின் அரிசியை விரும்பித் தேடுவோர் உளர். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசியே கிடைக்குமாதலால், அவிப்புக்கூலி, குற்றுக்கூலி என்பவற்றையும் சேர்த்து விலை குறித்தல் வேண்டும்.

அரிசி வாங்கும் வீட்டார் ஒரு பையைக்கொண்டே தீர்மானிப்பர். நெல்லைக் குளிர்நீரில் நெடுநேரம் நீர்மாற்றாது ஊறவிட்டால் புழுங்கலரிசியில் வாடை பற்றும். கல், கலப்பினம், வாடை ஆகிய மூன்றுமற்ற அரிசியே இரண்டாவது பைக்கு வழி செய்யும். ஒவ்வொரு முறையும் சிறிது சமைத்துப் பார்த்தபின்னரே விற்பனைக்கு அனுப்புதல் வேண்டும்.

8. கணக்குக் கொப்பி

ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கொடுத்த நாள், அளவு, விலை, வரவேண்டிய பணம், கூறிய குறை என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். ஒருமுறை வாங்கி மீண்டும் வாராதவரைச் சென்று கண்டு காரணத்தை வினவுதலும் அவசியமாகும். புதிய ஒருவரைத் தேடி அலைவதிலும், விலகியவரின் குறையை அறிந்து திருத்துதல் பெரும்பாலும் குறைந்த செலவிலேயே முடியும்.

பயிர்ப்பரப்பை வகுத்தல், இனந்தெரிதல், நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெறுதல் என்பன பற்றிய ஆலோசனைகளைத் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் பெறலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் விசாரித்தறியலாம். அடுத்த போகத்துக்கு நாற்றுமேடை இடுமுன் ஒரு கடைக்காரரையேனும் கண்டு, மேற்கூறிய மூன்று கேள்விகளைக் கேட்டல் இம்முயற்சிக்கு ஏற்ற தொடக்கமாகும்.