வட்டு இல்லாத விளையாட்டு

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 'உஸ்போர்ன்' வெளியிட்ட கம்ப்யூட்டர் விளையாட்டுப் புத்தகம் கிடைத்தது. உள்ளே சிடி எதுவும் இல்லையே, எப்படி விளையாடுவது? (வாசகர், விளாங்குடி)

பதில்: விளையாட்டே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த இந்தப் பதிப்பகம் 1980களில் 'பேசிக்' என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களை வரிவரியாக அச்சிட்டது. பிள்ளைகளே உட்கார்ந்து தட்டச்சு செய்யவேண்டும். சில வரிகளின் ஓரத்தில் சின்னக் குறிகள் இருக்கும், பாருங்கள். இன்ன கம்ப்யூட்டருக்கு இந்த வரியை மாற்று என்று பொருள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் நிரல் நின்றுவிடும். பிழையைத் தேடித் திருத்துகையிலேயே நிரலெழுத வந்துவிடும். இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1984இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கும் இந்தப் புத்தகங்களில் வரிகள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் இப்போது கிடைப்பது அரிது. அதைப்போலவே இயங்கும் இலவச எமுலேட்டர் மென்பொருள் போதும். முதல் நிரலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளையே தட்டச் சொல்லுங்கள்.