நடுவர் இல்லாத ஆட்டம்

வளையப்பந்து, எறிபந்து, கோ-கோ, கபடி ஆகியவை நமக்கு நன்கு பழக்கமானவை. இவை அனைத்திலும் ஊதல் ஒன்று உண்டு. ஊதலைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதே முடிவு. அவர் கண்ணில் படாத தவறு தவறே அன்று என்று நாமும் சில வேளை எண்ணிவிடுகிறோம். ஆனால் ஊதலும் நடுவரும் இல்லாமலேயே உலகப் போட்டி வரை ஆடப்படும் ஆட்டம் ஒன்று உள்ளது. 'அல்டிமேட்' எனப்படும் பறக்கும் தட்டு ஆட்டமே அது. அதன் வரலாற்றையும் அதனைப் பயிலும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவில் 'பிரிஸ்பி' என்னும் நிறுவனம் பண்டம் விற்ற தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் எறிந்து விளையாடினர் என்பர். பின்னர் பிரெடரிக் மாரிசன் என்பவர் பிளாஸ்டிக்கால் தட்டு செய்தார். வாம்-ஓ நிறுவனம் 1957-இல் அதனை விற்கத் தொடங்கியது. 'பிரிஸ்பீ' என்னும் பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது.

இதனை அணி ஆட்டமாக மாற்றியவர்கள் பள்ளி மாணவர்களே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1968-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மேப்பிள்வுட் என்னும் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய ஜோயல் சில்வரும் அவருடைய தோழர்களும் இவ்வாட்டத்தைத் தொடங்கி, விதிகளையும் வகுத்தனர். 1970-இல் இரு பள்ளிகளுக்கிடையே முதல் போட்டி நடந்தது. 1972-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதின. 1985-இல் உலகப் பறக்கும் தட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. 2015-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதற்கு முழு அங்கீகாரம் அளித்தது.

நம் தமிழகத்தில் இவ்வாட்டம் சென்னைக் கடற்கரை மணலில் வேரூன்றியது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கல்லூரி மாணவரும், அலுவலகப் பணியாளரும், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடிப் பழகினர். சென்னையின் 'பிளைவைல்ட்' அணியைப் பற்றி '175 கிராம்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குறும்படம் எடுக்கப்பட்டு, 2015-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் குறும்படப் போட்டியில் தேர்வு பெற்றது. அதே ஆண்டு இலண்டனில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்தியாவின் கலப்பு அணியும் ஆடியது.

களமும் விதிகளும்

போட்டித் தட்டின் எடை 175 கிராம். இது கிரிக்கெட் பந்தின் எடையைவிடச் சற்றே அதிகம். குறுக்களவு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். களத்தின் நீளம் 100 மீட்டர், அகலம் 37 மீட்டர். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழமுள்ள இலக்குப் பகுதிகள் உண்டு. அணிக்கு 7 பேர் ஆடுவர். மணலில் ஆடும்போது 5 பேர். இடம் குறைவாயின் களத்தையும் ஆட்களையும் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்யலாம்.

எதிரணியின் இலக்குப் பகுதிக்குள் நம் தோழி எறிந்த தட்டை நாம் பிடித்தால் ஒரு புள்ளி. 15 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்லும். தட்டு கையில் இருக்கும்போது ஓடக் கூடாது. கூடைப்பந்தில் போல ஒரு காலை ஊன்றி, மறு காலை மட்டும் நகர்த்தித் திரும்பலாம். எதிரே காவல் நிற்பவர் ஒன்று முதல் பத்து வரை நொடிக் கணக்கில் உரக்க எண்ணுவார். 'பத்து' என்று சொல்லத் தொடங்குவதற்குள் தட்டை எறிந்துவிட வேண்டும். தட்டு தரையில் விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ, எதிரணியினர் கைப்பற்றினாலோ அது அவர்களுக்குரியதாகும். இடித்தலும் தள்ளுதலும் கூடா.

எறியும் முறையும் பிடிக்கும் முறையும்

முதலாவது புறங்கை எறிதல். கட்டைவிரல் தட்டின் மேலும், மற்ற விரல்கள் உள்விளிம்பிலும் இருக்க, பக்கவாட்டில் நின்று, விசிறியை வீசுவது போல மணிக்கட்டைச் சுண்டி விடவேண்டும். இரண்டாவது இருவிரல் எறிதல். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்விளிம்பில் பதித்து, வலப்புறமிருந்து சுண்ட வேண்டும். தொடக்கத்தில் இது வராது, தட்டு தள்ளாடும். தோளின் பலத்தைக் குறைத்து மணிக்கட்டின் சுழற்சியைக் கூட்டினால் வந்துவிடும். வளையப்பந்தில் வளையம் தள்ளாடாமல் எறியப் பழகிய நமக்கு இது எளிதில் கைவரும்.

பிடிப்பதற்கு, ஒரு கையை மேலும் ஒரு கையைக் கீழும் வைத்துத் தாளம் தட்டுவது போலத் தட்டை நடுவில் சேர்க்க வேண்டும். இருவர் இருவராக ஐந்தாறு அடி தூரத்தில் நின்று தொடங்கி, நாள்தோறும் ஓரடி பின்னே செல்லலாம். வளையல்களைக் கழற்றிவிட்டு, சடையை மடித்துக் கட்டிக்கொள்வது நலம்.

தட்டு பறப்பது எவ்வாறு?

இயற்பியல் பாடத்தில் படிப்பதை இங்கே கண்ணால் காணலாம். தட்டின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே காற்று விரைந்து செல்கிறது, அழுத்தம் குறைகிறது. முன்விளிம்பு சற்று நிமிர்ந்திருப்பதால் தட்டு காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று தட்டை மேலே தாங்குகிறது. ஆயினும் சுழற்சி இல்லையேல் தட்டு கவிழ்ந்துவிடும். சுற்றும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதும், நின்ற பம்பரம் சாய்வதும் நாம் அறிந்ததே. அதே விதிதான் இங்கும்.

காற்றை மறந்து இவ்வாட்டத்தை ஆட முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அக்காற்று புதியதன்று. எதிர்க்காற்றில் தட்டு மேலெழும்பி நின்றுவிடும். ஆகவே தாழ்வாக, மிகுந்த சுழற்சியுடன் எறிய வேண்டும். பின்காற்றில் தட்டு விரைவில் தாழும். ஆகவே சற்று உயர்த்தி எறிய வேண்டும். மேல்காற்று வீசும் மாலையில் நாகல் நகரில் பயின்றவர், காற்றடங்கிய எவ்விடத்திலும் தயங்காமல் எறியலாம்.

மனச்சான்றே நடுவர்

இவ்வாட்டத்தின் உயிர்நிலை இப்பகுதியில்தான் உள்ளது. ஒருவர் நம்மை இடித்துவிட்டால் நாமே 'தவறு' என்று சொல்ல வேண்டும். ஆட்டம் நிற்கும். இடித்தவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். தட்டைப் பிடிக்கும்போது நேர்ந்த இடிப்பை அவர் மறுத்துவிட்டால், தட்டு முதலில் எறிந்தவரிடமே திரும்பும். சண்டையும் இல்லை, தண்டனையும் இல்லை. தட்டு தரையைத் தொட்டபின் பிடித்தோமா, தொடுமுன் பிடித்தோமா என்பது பல வேளைகளில் பிடித்தவருக்கு மட்டுமே தெரியும். புள்ளி கிடைத்துவிட்டதென்று தோழியர் ஆரவாரம் செய்யும் நேரத்தில், "இல்லை, தரையில் பட்டுவிட்டது" என்று சொல்வதற்கு நூறு மீட்டர் ஓடுவதைவிட அதிக வலிமை வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து வட்டமாக நின்று பேசுவர். பின் ஒவ்வோர் அணியும் எதிரணியின் பண்புக்கு மதிப்பெண் இடும். விதிகளை அறிந்து ஆடுதல், இடிப்பைத் தவிர்த்தல், நடுநிலை, தன்னடக்கம், பேசும் முறை ஆகிய ஐந்திற்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. புள்ளியில் தோற்ற அணி பண்பில் முதற்பரிசு பெறுவதும் உண்டு. இரவில் நாம் செய்யும் ஆன்ம சோதனையை இவ்வாட்டம் பகலில், பலர் நடுவில் செய்யச் சொல்கிறது எனலாம்.

நமக்கு என்ன பயன்?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டு வேளை பல இடங்களில் கணக்கு வேளையாக மாறிவிடுகிறது. பெரிய பெண்ணாகிவிட்டாய், ஓடாதே என்று வீட்டிலும் சொல்லக் கேட்கிறோம். பெற்றோரிடம் நாம் பணிவுடன் கூறுவது இதுவே: ஓடினால் படிப்புக் கெடாது, மாலையில் அரைமணி நேரம் ஓடிய உடல் இரவில் சோர்வின்றிப் படிக்கும். மேலும் இவ்வாட்டத்திற்கு வலையோ, கம்பமோ, விலையுயர்ந்த மட்டையோ தேவையில்லை. ஒரு தட்டும், எல்லை காட்ட எட்டுக் கற்களும் போதும். உயரம் குறைந்தவர்க்கும் வேகம் குறைந்தவர்க்கும் இதில் இடமுண்டு. எவராலும் தனியே தட்டைக் கொண்டு ஓட முடியாதாகையால், ஒவ்வொருவருக்கும் மற்றவர் துணை வேண்டும்.

தேர்வுக் கூடத்திலும், கடை வீதியிலும், நாளை நாம் ஏற்கப்போகும் பணியிலும் எல்லா நேரமும் நமக்குப் பின்னால் ஒருவர் ஊதலுடன் நிற்கப்போவதில்லை. ஆகவே, தோழியரே, ஆசிரியரின் அனுமதியுடன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மைதானத்திற்கு வாருங்கள். முதலில் புறங்கை எறிதலைப் பழகுவோம். "தரையில் பட்டுவிட்டது" என்று உரக்கச் சொல்லவும் பழகுவோம்.