யூலை 14: பிரான்சு நாட்டின் தேசிய விழா

பஸ்தீல் சிறைக்கோட்டை வீழ்ந்த நாள் என்றே யூலை 14ஐப் பலரும் அறிவர். 1789இல் பாரிஸ் மக்கள் வெடிமருந்து தேடி அதனைத் தாக்கினர். உள்ளேயிருந்த கைதிகளோ 7 பேர் மட்டுமே. ஆயினும், மன்னரின் தனியாட்சிக்குச் சின்னமாய் நின்ற கோட்டை அது.

இந்நாளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. சரியாக ஓராண்டின் பின், 1790 யூலை 14இல், நாடெங்குமிருந்து வந்தோர் பாரிஸ் திடலொன்றிற் கூடினர். ஆயர் தலெரான் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். மன்னர் 16ஆம் லூயியும் அங்கு சத்தியப்பிரமாணம் செய்தார். 1880இல் யூலை 14ஐத் தேசிய விழாவாக்கிய சட்டம் ஆண்டெதனையும் குறிப்பிடவில்லை. 1789இல் சிந்திய இரத்தத்தை நினைக்க விரும்பாதோர், 1790இன் ஒற்றுமையைக் கொண்டாடலாம் என்பதற்கு இது இடமளித்தது.

அவ்வொற்றுமை ஏன் நிலைக்கவில்லை? அத்திருப்பலிக்கு இரு நாள் முன்னரே, திருச்சபையை அரசின் கீழ்க் கொணரும் சட்டத்தைத் தேசியப் பேரவை நிறைவேற்றியிருந்தது. பின்னர், அதனை ஏற்றுப் பிரமாணஞ் செய்ய மறுத்த குருக்கள் பதவியிழந்தனர், பலர் நாடுகடத்தப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். 1794 யூலை 17இல் கொம்பியேன் நகரக் கார்மேல் மடத்தைச் சேர்ந்த 16 பேர் தலை வெட்டப்பட்டு மாண்டனர். 2024இல் திருச்சபை அவர்களைப் புனிதர்களாக அறிவித்தது.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றும் உயர்ந்தவையே. ஆனால் மனச்சாட்சியை விலையாகக் கேட்கும் ஒற்றுமை நிலைப்பதில்லை. யூலை 14 நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.