இந்தி பழகுவோம்: உணவகத்தில்

காசிக்கு யாத்திரையாகவோ தில்லிக்கு மருத்துவத்துக்காகவோ செல்லும்போது, மொழி அறியாத இடர்ப்பாட்டை நாம் முதலில் உணர்வது பெரும்பாலும் உணவகத்தில்தான். விரல் நீட்டிக் காட்டினால் ஏதேனும் ஓர் உணவு வந்துவிடும். ஆனால் உடன் வந்த பெரியவருக்கு நீரிழிவு இருந்தால் விரல் போதாது, சொல் வேண்டும். அதற்கான சில தொடர்களை இம்முறை பழகுவோம்.

கேட்கும் முறை

‘எனக்குத் தேநீர் வேண்டும்’ என்பது இந்தியில் ‘முஜே சாய் சாஹியே’. முஜே – எனக்கு. சாய் – தேநீர். சாஹியே – வேண்டும். சொற்களின் வரிசை தமிழில் உள்ளவாறே அமைகிறது. பேசுபவர் ஆணாயினும் பெண்ணாயினும் இத்தொடர் மாறாது என்பது கூடுதல் வசதி.

‘கொடுங்கள்’ என்பதற்குத் ‘தீஜியே’ என்றும், ‘கொண்டுவாருங்கள்’ என்பதற்கு ‘லாயியே’ என்றும் கூற வேண்டும். ‘தோ’ என்றாலும் ‘கொடு’ என்றே பொருள். ஆயினும் அதில் மரியாதை குறைவு. ‘இரண்டு’ என்பதும் ‘தோ’ என்றே ஒலிப்பதால், ‘தோ ரோட்டி தீஜியே’ என்பதே தெளிவும் பண்பும் உடையது.

பரிமாறுபவரைப் ‘பையா’ என அழைக்கலாம். தமிழ்ச் செவிக்கு இது சிறுவனை விளிப்பதுபோல் தோன்றினும், இந்தியில் இதன் பொருள் ‘அண்ணா’ என்பதாகும். முதலெழுத்தை மூச்சுடன் அழுத்தி ஒலிக்க வேண்டும்.

முன்னரே சொல்ல வேண்டியவை

வட இந்தியாவில் தேநீரைச் சர்க்கரை சேர்த்தே கொதிக்க வைப்பது பெருவழக்கு. கோப்பை வந்தபின் சொல்லிப் பயனில்லை. ஆகவே கேட்கும்போதே இவற்றைக் கூறிவிடுவோம்:

பினா சீனீ கீ சாய் – சர்க்கரை இல்லாத தேநீர்
பினா ப்யாஜ் லஹசுன் – வெங்காயம், பூண்டு இல்லாமல்
மிர்ச் கம் ரக்கியே – காரம் குறைவாக இருக்கட்டும்

தமிழில் ‘இல்லாத’ பொருளுக்குப் பின் வரும். இங்கே ‘பினா’ பொருளுக்கு முன் வருவதை நினைவிற்கொள்க.

விலையும் கணக்கும்

‘யஹ் கித்னே கா ஹை?’ என்றால் ‘இது என்ன விலை?’ என்று பொருள். கேட்பது எளிது, விடையைப் புரிந்துகொள்வதில்தான் நாம் தடுமாறுகிறோம். ‘சௌ’ என்பது 100. ஆனால் ‘டேட் சௌ’ என்பது 150. ‘டாயீ சௌ’ என்பது 250. ‘ஸாடே தீன் சௌ’ என்பது 350. ‘சௌ’ என்பதை மட்டும் செவிமடுத்து நூறு ரூபாய் என்று எண்ணி அமர்ந்தால், எழும்போது இருமடங்குக்கும் மேல் கொடுக்க நேரிடும்.

உண்டு முடித்தபின் ‘பில் லாயியே’ என்று கேட்டு, பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பட்டியலில் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. அவ்வாறு சேர்க்கப்பட்டிருப்பின், ‘சர்வீஸ் சார்ஜ் ஹட்டா தீஜியே’ (நீக்கிவிடுங்கள்) என்று பணிவுடன் கூறலாம். அலைபேசி வழியே பணம் செலுத்தும்போது, திரையில் தோன்றும் பெயரையும் தொகையையும் சரிபார்த்த பின்னரே இரகசிய எண்ணை இடுவோம்.

ஓர் உரையாடல்

நாம்: பையா, தோ ரோட்டி ஔர் தால் தீஜியே. மிர்ச் கம் ரக்கியே. (அண்ணா, இரண்டு ரொட்டியும் பருப்பும் கொடுங்கள். காரம் குறைவாக இருக்கட்டும்.)
பரிமாறுபவர்: ஔர் குச்? (வேறு ஏதேனும்?)
நாம்: ஏக் பினா சீனீ கீ சாய். (சர்க்கரை இல்லாத தேநீர் ஒன்று.)
பரிமாறுபவர்: ஔர் ரோட்டி? (இன்னும் ரொட்டி?)
நாம்: பஸ், தன்யவாத். பில் லாயியே. (போதும், நன்றி. பட்டியலைக் கொண்டுவாருங்கள்.)

பயிற்சி

‘மூன்று தேநீர் கொடுங்கள், ஒன்று சர்க்கரை இல்லாமல்’ என்பதை இந்தியில் கூறிப் பார்ப்போம்.

விடை: தீன் சாய் தீஜியே, ஏக் பினா சீனீ கீ.